ஒட்டு வேலை

பிப்ரவரி 9
கப்பலிலிருந்து

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் கிழித்துவிடாதீர்கள். உறையின் மேல் என் பெயரைப் பார்த்தால் உங்கள் கை அப்படித்தான் போகும் என்று தெரியும். அதனால்தான் அனுப்புநர் இடத்தில் கப்பலின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். போனில் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்து ஏழு மாதம் ஆகிறது. இல்லாவிட்டாலும் இப்போது பேச முடியாது. நாங்கள் நங்கூரம் போட்டிருக்கும் தீவில் டவர் கிடையாது. கேப்டனிடம் இருக்கும் சாட்டிலைட் போன் கம்பெனியோடு பேச மட்டும்தான். வாரம் இரண்டு முறை காய்கறி கொண்டுவரும் படகுதான் தபாலையும் கொண்டுபோகிறது.

முதலில் ஒன்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினான்கு பேரும் நலம். உங்கள் தம்பிக்கு இது தெரியாது. இன்ஜினில் சின்னக் கோளாறு, வர நாளாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தெரிந்தால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு நீந்தியே வந்துவிடுவார்.

மூன்றாம் தேதி மதியம் சாப்பாட்டில் கை வைத்த நேரம், கீழே பீரோ ஒன்று கவிழ்ந்தது போலச் சத்தம் கேட்டது. பாதி மூழ்கி மிதந்த பெரிய மரத்தில் மோதியிருக்கிறோம். இன்ஜின் அறையில் வலது பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு ஆள் உயரம் கீழே, கிழிந்துவிட்டது. நீளம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர், அகலம் என் உள்ளங்கை அளவு. தண்ணீர் உள்ளே வந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எதிர்ச் சுவரில் அடித்துத் திரும்பி என் முதுகில் விழுந்தது. எங்கள் சீஃப் இன்ஜினியருக்கு முழங்கால் வலி. பம்புகளை அவர் பார்த்துக்கொண்டார், ஓட்டைக்கு நான் போனேன்.

கேப்டன் தொட்டிகளில் இருந்த தண்ணீரையெல்லாம் இடது பக்கத் தொட்டிகளுக்கு மாற்றிக் கப்பலைச் சாய்த்தார். ஓட்டை கொஞ்சம் மேலே வந்தது, வேகமும் குறைந்தது. போர்வை, தலையணை, கையில் கிடைத்த மர ஆப்பு எல்லாவற்றையும் அடித்து இறக்கினோம். சமையல்காரர் ஒரு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னோடது இல்லம்மா, ரெண்டாம் ஆபீசரோடது. அதுதான் கனம்" என்றார். அந்த அவசரத்திலும் சிரித்துவிட்டேன், வாய் நிறைய உப்புத் தண்ணீர். பிறகு சாப்பாட்டு மேஜையின் பலகையைக் கழற்றி, அதன் மேல் ரப்பர் விரிப்பை ஆணியடித்து, ஓட்டையின் மேல் வைத்துக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தோம். வெளியே மேல்தளத் தொழிலாளர்களின் தலைவரான போசன் தன் ஆட்களோடு தார்ப்பாயைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்கு அடியில் இறக்கினார். தண்ணீரே அதை இழுத்து ஓட்டையின் மேல் ஒட்டவைத்துவிட்டது. அப்படியே ஊர்ந்து இந்தத் தீவுக்கு வந்தோம்.

நாங்கள் ஏற்றிவந்த சரக்கு என்ன தெரியுமா? நாலாயிரம் கமோடு. கேப்டன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இதோட முங்கிப்போனா ஊர்ல நம்மளப் பத்தி என்ன பேசுவாங்கன்னு யோசிங்கடா, நல்லா அடிங்க" என்று கத்தினார்.

இனிதான் விஷயம். பலகையின் மேல் மரச்சட்டம் அடித்து, உள்ளே சிமெண்டை நிரப்பி, சிமெண்ட் பெட்டி கட்டினேன். புத்தகத்தில் இருப்பது போலத்தான் செய்தேன். இரண்டாம் நாளே இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் தண்ணீர் வழிகிறது. இருபத்தாறாம் தேதி கம்பெனி சர்வேயர் வருகிறார். ஒட்டு தாங்கும் என்று அவர் ஒப்புக்கொண்டால் உங்கள் கப்பல் பட்டறைக்கு இழுத்துவரலாம். இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே இந்தக் கப்பலை உடைக்கக் கொடுத்துவிடுவார்கள். போசன் இதில் பதினாறு வருஷமாக இருக்கிறார். இந்தக் கப்பலை அவர் தடவிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய படகு ஒன்றுக்கு நீங்கள் கட்டிய சிமெண்ட் பெட்டி எட்டு மாதம் தாங்கியது என்று உங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். கேட்க எனக்கு வாய் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நீங்கள் அடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "எதுக்கு அண்ணி இந்த ஒட்டு வேலை, புதுசா வாங்கிக்கலாம்" என்று சொன்ன வாய் இது. ஆனாலும் கேட்கிறேன். நான் எங்கே தப்புச் செய்தேன்? படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி


பிப்ரவரி 13
கப்பல் பட்டறை, வெல்டிங் கொட்டகை

இன்ஜினியரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறைக் கடிதம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். பிரித்த பிறகு கிழித்து என்ன ஆகப்போகிறது.

உன் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர் வெளியே வர வழி எங்கே? ஒழுகுகிற இடத்தை அப்படியே மூடி அதன் மேல் சிமெண்டைக் கொட்டினால் அது இறுகும் வரை தண்ணீர் சும்மா இருக்குமா? அரித்துக்கொண்டு ஓரமாக வழி பண்ணிக்கொள்ளும். பண்ணிக்கொண்டது. ஓட்டைக்குப் பக்கத்தில், அடியோரமாக, ஒரு இரும்புக் குழாயை வை. கசிகிற தண்ணீர் முழுக்க அதன் வழியாக வெளியே ஓடட்டும். சுற்றிலும் சிமெண்ட் நிம்மதியாக இறுகும். நாலு நாள் கழித்துத்தான் குழாயை அடைக்க வேண்டும். மூன்றாம் நாளே கை அரிக்கும். அடைக்காதே.

இரும்பைச் சுரண்டினாயா? எழுதவில்லை. சுரண்டவில்லை என்று அர்த்தம். பெயின்ட், துரு, எண்ணெய் ஒன்றும் இருக்கக்கூடாது. இரும்பு வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்க வேண்டும். இன்ஜின் அறை முழுக்க எண்ணெய் வழியும், எனக்குத் தெரியும். சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கழுவு. மீதி சோடாவைத் தூக்கிப்போடாதே. சிமெண்டில் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் இறுகும். அதிகம் போட்டால் வெடிக்கும். பத்துப் பிடி சிமெண்டுக்கு அரைப் பிடிக்கு மேல் போகாதே.

உள்ளே கம்பி வைத்தாயா? அதுவும் வைத்திருக்க மாட்டாய். கட்டில் சட்டம், ஸ்பிரிங், எது கிடைத்தாலும் அறுத்து, கப்பலின் விலா இரும்போடு கட்டு. தீவு மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசு. பழைய சிமெண்டை உடைத்து முழுக்க எடுத்துவிடு. அதன் மேலேயே பூசலாம் என்று சோம்பேறித்தனம் வரும்.

இன்ஜின் ஓடினால் அந்த அதிர்வில் எந்தச் சிமெண்டும் நிற்காது. இழுவைப் படகு வைத்து இழுத்துத்தான் வர வேண்டும் என்று உங்கள் கேப்டனிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், நீயே சொன்னதாக இருக்கட்டும்.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அது கம்பெனிக்கு எழுதுகிற வாக்கியம். எனக்கு அப்படி எழுதாதே.

தொட்டி விஷயம் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதைக் கவனி.

உன் நாத்தனார்


பிப்ரவரி 18
கப்பலிலிருந்து

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்தேன். மேஜைப் பலகைதான் ஓட்டையில் இருக்கிறதே, எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். "சோம்பேறித்தனம் வரும்" என்ற இடத்தில் போசன், "இந்தம்மா யாரு, நம்மள நேர்ல பார்த்த மாதிரியே எழுதுறாங்க" என்றார். நீங்கள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்த வரியும் கேப்டன் காதில் விழுந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முடித்துவிட்டோம் அண்ணி! பழையதை உடைத்து எடுக்கவே ஒரு நாள் ஆனது. சுரண்டிச் சுரண்டி, அந்த இரும்பில் என் முகம் தெரிந்தது. மூன்று கட்டில் அறுத்தோம். அதில் ஒன்று என்னுடையது. கமோடு அடைத்து வந்த மரப்பெட்டிகளைப் பிரித்துப் பெட்டிக்குப் பலகை எடுத்தோம். அதனால் சரக்கறையில் ஐம்பது கமோடு அம்மணமாக வரிசை கட்டி நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் உட்கார்ந்துதான் இளைப்பாறுகிறார்கள். கேப்டன்கூட.

சிமெண்ட் குழைத்தது சமையல்காரர். "இதுல நீங்க யாரும் கை வைக்காதீங்க, பதம் எனக்குத்தான் தெரியும்" என்று எல்லாரையும் விரட்டிவிட்டார். கையால் எடுத்து, உருட்டி, விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை மணல்" என்றார். வாளி வாளியாக ஆள் மாற்றி ஆள் கொடுக்க, காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் நிரப்பிவிட்டோம். குழாய் வழியாகத் தண்ணீர் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, சுற்றிலும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. யார் முதலில் கை தட்டினார்கள் என்று தெரியவில்லை. அந்த இரும்பு அறைக்குள் பதினான்கு பேர் கை தட்டினால் எப்படி இருக்கும் தெரியுமா? சீஃப் தன் முழங்காலை மறந்து குதித்துவிட்டு அப்புறம் "ஐயோ" என்றார்.

இன்று மூன்றாம் நாள். கை அரிக்கிறது. அடைக்கவில்லை.

கம்பெனி வாக்கியம் வேண்டாம் என்றீர்களே. முட்டுக் கட்டை இறுக்கும்போது ஆப்பு நழுவி என் இடது கை இரண்டு விரல் நசுங்கிவிட்டது. தீவு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். எலும்பு விரிசல்தான், கூடிவிடும். ஒரே கையால் எழுதுவதால் காகிதம் நகர்கிறது. அதன் மேல் ஒரு நட்டு போல்ட்டை வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நாலு முறை எழுதி நாலு முறை அடித்துவிட்டேன். உங்களுக்குப் பத்தொன்பது வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய், எட்டு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அவரைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது எல்லாம் அந்த வேலையில்தான். அதைத்தான் நான் ஒட்டு வேலை என்றேன். அன்றைக்கு அது சாதாரணமாக வாயில் வந்த வார்த்தை, வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. நினைக்காமல் சொன்னதுதான் அதிகத் தப்பு என்று, நெஞ்சளவு தண்ணீரில் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. என்னை மன்னிக்க வேண்டும்.

இதை அடிக்காமல் அனுப்பிவிடுகிறேன். படகு வந்துவிட்டது.

உங்கள்,
இன்ஜினியரம்மா


பிப்ரவரி 21
பட்டறை

அடியே,

விரல் நசுங்கினதை மூன்றாம் பக்கத்தில் எழுதுவாயா? அதை முதல் வரியில் எழுத வேண்டாமா?

உன் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, அவ நீச்சல்ல ரொம்ப சுமார்க்கா" என்று அதையே பத்து முறை சொன்னான். சாப்பிட வைத்து அனுப்பினேன்.

இப்போது கேள். சர்வேயரோடு பட்டறையிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும், இழுத்துவரும்போது கப்பலிலேயே இருந்து ஒட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "யார் போறீங்க?" என்றார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பார்த்தால் என் கை மேலே இருக்கிறது.

நான் இருபத்தாறு வருஷம் கப்பலுக்கு அடியில் படுத்து வேலை செய்தவள். தண்ணீரில் மிதக்கிற கப்பலில் ஒரு நாள்கூடப் போனதில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தாறாம் தேதி வருகிறேன். நீ அதே படகில் ஊர் திரும்பு. விரலை ஒழுங்கான டாக்டரிடம் காட்டு. இது வேண்டுகோள் இல்லை.

குழாயை அடைத்திருப்பாய் இந்நேரம். நாலாம் நாள்தானே?

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன். இன்னும் பதில் எழுதத் தெரியவில்லை. நேரில் பார்க்கும்போதும் அந்தப் பேச்சை எடுக்காதே. சர்வேயர் முன்னால் அழுது வைத்தால் எனக்கு மரியாதை போய்விடும்.

அண்ணி


மார்ச் 2
வீட்டிலிருந்து

அண்ணி,

இதைக் கம்பெனி ஏஜென்ட் மூலம் அனுப்புகிறேன். வழியில் நீங்கள் ஒதுங்கும் துறைமுகத்தில் கொண்டுவந்து தருவார்.

நீங்கள் சொன்னபடி நான் பேச்சை எடுக்கவில்லை. படகிலிருந்து ஏணியில் ஏறி வந்து, என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, கீழே போய்ச் சிமெண்டைப் பார்த்துவிட்டு, "ஓரம் பூசினது யாரு? நீயா? பரவால்ல" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்கு நான் அழுதால் அது என் குற்றமா? சர்வேயர் நல்ல மனிதர், திரும்பிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் அந்தச் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டினாரே, நான் ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். "இழுக்கலாம்" என்று ஒரே வார்த்தை. அதற்குப் போசன் அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டாம்.

எலும்பு நேராகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் தம்பி எனக்கு ஊட்டிவிடுகிறார். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னாலும் கேட்பதில்லை.

நேற்று மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். வெளிப்புறம் காய்ந்து கிடக்கிறது, ஒரு ஈரக்கோடுகூட இல்லை. புதுத் தொட்டி வாங்குவதாகச் சொன்னீர்களே என்று இவரைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "நீ கப்பலுக்குக் கிளம்பின மறுநாளே அக்கா வந்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிட்டா" என்றார். அண்ணி, ஏழு மாதம்! ஏழு மாதமாக என்மேல் கோபம், வீட்டுக்குத் தண்ணீர் மட்டும் உங்கள் புண்ணியத்தில்.

வானிலை அறிக்கையில் நாளை மறுநாள் காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள். வெளியே இருந்த தார்ப்பாயையும் கழற்றிவிட்டீர்கள். எனக்கும் கடலுக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தபோது இவ்வளவு பயம் இல்லை. இப்போது உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. வடக்கு ஓரத்தில் நான் பூசியது சரியாக இருக்குமா? திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கொட்டகையில் எல்லாரும் விசாரித்தார்கள். அக்கா இல்லாமல் திட்டு வாங்காமல் வேலையே ஓடவில்லையாம்.

பத்திரம் அண்ணி.


மார்ச் 5
துறைமுகத்தில் ஒதுங்கிய கப்பலிலிருந்து

அடியே,

கப்பலுக்கு வடக்கு ஓரம், தெற்கு ஓரம் உண்டா? திரும்பினால் எல்லாம் மாறிவிடாதா? இதுகூடத் தெரியாமல் உனக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தார்கள்?

முதல் இரண்டு நாள் எனக்கு நினைவில்லை. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். சமையல்காரர் கஞ்சி மாதிரி எதையோ கொண்டுவந்து, "குடிங்கம்மா, போனாலும் பரவால்ல, போறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணும்ல" என்றார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். மேலே போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெரியது என்று நீங்கள் யாருமே என்னிடம் சொல்லவில்லையே!

நேற்று மதியம் காற்று பிடித்தது. இழுவைக் கயிறு ஒரு நேரம் தண்ணீருக்குள் தொய்ந்து, மறுநேரம் விண்ணென்று தெறிக்கிறது. ஒவ்வொரு தெறிப்புக்கும் கப்பல் முழுக்க உதறுகிறது. நான் கீழே பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி இருக்கும், ஒரு முட்டுக் கட்டை நழுவி என் காலடியில் வந்து விழுந்தது. பலகையின் மூலையில் தண்ணீர் ஊசி மாதிரிப் பீய்ச்சியது. நேராக என் முகத்தில்.

பயந்தேனா என்று கேட்பாய். பயந்தேன். ஆனால் அந்த நிமிஷம் குமட்டல் நின்றுவிட்டது, அதுதான் ஆச்சரியம். போசனும் நானும் கட்டையைத் தூக்கி நிறுத்தினோம். ஜாக்கியை வைத்து இறுக்கினோம். மூலைக்கு அடைக்கத் துணி கேட்டேன். சமையல்காரர் தன் ஏப்ரனை அவிழ்த்துக் கொடுத்தார். அதை கிரீஸில் முக்கி, முறுக்கி, ஆப்பு வைத்து அடித்தேன். ஏழாவது அடியில் நின்றது. சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. நீ பூசின ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? கப்பல் ஆடிக்கொண்டிருக்கிறது, மூன்று பேரும் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறோம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. போசன் பயந்துவிட்டார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில் இது எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

தொட்டி விஷயத்தை அந்தப் பயல் உளறிவிட்டானா. சரி. உனக்குப் பதில் பாக்கி இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நீ சொன்னது சுட்டது உண்மைதான். ஆனால் ஏழு மாதம் பேசாமல் இருந்தது அதற்காக மட்டும் இல்லை. நீ பெரிய படிப்புப் படித்தவள், உலகம் சுற்றுகிறவள். நான் செய்வது உன் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது என்று முதல் நாளிலிருந்தே எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. நீ வாயைத் திறந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். நீ அப்படி நினைத்தவள் இல்லை என்று உன் படத்தைப் பார்த்தபோது தெரிந்தது. எத்தனை முறை அழித்து அளவு எழுதியிருந்தாய்! எனக்குக் காட்டுகிறோம் என்று பயந்து வரைந்த படம் அது.

உன் எண்ணைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். எடுக்கத் தெரியாமல், இந்த ஊர் ஏஜென்டின் ஆபீசில் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து, எடுக்கச் சொன்னேன். ஆனாலும் கூப்பிடாதே. கடிதமே எழுது. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

நாளைக் காலை கிளம்புகிறோம். ஒன்பதாம் தேதி வந்துவிடுவோம்.

அண்ணி


மார்ச் 9
துறைமுகம், காலை

அண்ணி,

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஏறியதும் தருவார். நாங்கள் ஆறு மணிக்கே வந்துவிட்டோம். உங்கள் கொட்டகை முழுக்க இங்கேதான் நிற்கிறது. மேனேஜர் அரை நாள் லீவு தரமாட்டேன் என்றார், பிறகு அவரே குடையோடு வந்து நிற்கிறார். உங்கள் தம்பி இன்று டியூட்டிக்குப் போகவில்லை. "பஸ் எங்க போகும், நாளைக்கும் வரும்" என்கிறார்.

இன்னொரு விஷயம். சிமெண்டை உடைத்து எடுக்க ஏற்கெனவே இரண்டு பேர் சுத்தியலோடு தயாராக நிற்கிறார்கள். நீங்கள் வந்து சொல்லும் வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். உங்கள் குரலில் சொன்னேன். கேட்டார்கள்!


மார்ச் 9
கப்பலிலிருந்து, உள்ளே வந்துகொண்டிருக்கும்போது

அடியே,

பைலட் உன் காகிதத்தைக் கொடுத்தார். இதை உன் கையில்தான் கொடுக்கப்போகிறேன், ஆனாலும் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் உன்னைத் திட்டத்தான் வாய் வரும்.

சுத்தியலோடு நிற்கிறவர்களிடம் சொல், இன்றைக்கு முடிகிற வேலை இல்லை இது. நேற்று ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தேன், என் கைதான் வலித்தது. சமையல்காரர் போட்ட பதம் அப்படி. உடைத்து முடிப்பதற்குள் எல்லாரும் அவரைச் சபிக்கப்போகிறார்கள். அவர் இப்போதே பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

எங்களோடே வந்த சர்வேயர், கப்பலை உடைக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். புதுத் தகடு வைத்துத் தைத்தால் இன்னும் பத்து வருஷம் ஓடுமாம். போசன் கீழே போய் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார். தொந்தரவு செய்யவில்லை.

அந்தத் தகட்டை நான்தான் வைப்பேன். நீ பக்கத்தில் நின்று விளக்குப் பிடி. விரல் கூடியிருந்தால் வெல்டிங்கும் பண்ணு. கப்பல் மறுபடி தண்ணீரில் இறங்கியதும் சோதனை ஓட்டம் போவார்களே, அதில் பட்டறை ஆள் ஒருவர் வேண்டும். கேப்டனிடம் சொல்லிவிட்டேன். "நீங்க இல்லாம கப்பல் நகராதும்மா" என்றார். நீயும் வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவனுக்கு ஒரு வாளி எடுத்து வை.

பட்டறையைக் கடல் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். தகரக் கூரையெல்லாம் வெயிலில் மின்னுகிறது. இத்தனை வருஷம் உள்ளேயே இருந்த எனக்கு அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. சுவர் மேல் சின்னச் சின்னதாக ஆட்கள். குடை தெரிகிறது. ஒருத்தன் ஓரத்தில் நின்று குதிக்கிறான். அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள்.

விட்டுவிடாதே, அவனும் நீச்சலில் சுமார்தான்.

நிறுத்துகிறேன். எல்லாரும் கையாட்டுகிறார்கள். எனக்கு இரண்டு கையும் வேண்டும்.